எறும்பு வராத ஏழு இடம்

காப்பி எஸ்டேட்டை விட்டு நடக்க ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். தலையில் தகரப் பெட்டி, கக்கத்தில் சுருட்டிய கம்பளி. பெரும்பாறைக்குப் போய் பஸ் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் கொடைக்கானல். அங்கே காய்கறிக் கமிஷன் கடையில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கிய பிறகு நான் விட்டுவிட்டு நடந்த வேலைகளில் இந்த எஸ்டேட் வேலை ஐந்தாவது. சண்டை ஒன்றும் போடவில்லை. காலையில் ஆள் எண்ணும்போது என் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். அதற்குள் நான் வேலியைத் தாண்டி ஓடை வரைக்கும் வந்துவிட்டேன்.

"ஏய், மிதிச்சிராத!"

தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றேன். காலுக்குக் கீழே உள்ளங்கை அளவில் மந்தாரை இலை ஒன்று. அதன் நடுவில் ஒரு சொட்டுத் தேன். பத்தடி தள்ளி ஒரு பொம்பளை குந்தியிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கிழங்கு தோண்டுகிற இரும்புக் கம்பி பக்கத்தில் கிடந்தது.

"சாமிக்குப் படைச்சதா?" என்றேன்.

"சாமிக்குப் படைச்சா மிதிக்காத எடமாப் பாத்து வைப்போம். இது எறும்புக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காலை எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினாள்; வைத்தேன். இப்படித்தான் அக்காவை எனக்குத் தெரியும். அக்கா என்பது நான் கூப்பிட்டது. ஓடைக்குக் கீழே பதினாலு குடிசையில் இருந்த காட்டுச் சனம், பளியர்கள், அவளை வேறு பேரில் கூப்பிட்டார்கள். அதை இங்கே எழுதவில்லை.

விஷயத்தை அவள் அங்கேயே சொன்னாள். "மேல எஸ்டேட்டுப் பூச்சிமருந்து கொடோன் ஐப்பசி மழையில இடிஞ்சு விழுந்துச்சுல்ல. வெள்ளை மருந்து அம்புட்டும் கரைஞ்சு இந்த ஓடையில வந்துச்சு. ரெண்டு ஆடு செத்துச்சு. மூப்பன் பேத்திக்கு வலிப்பு வந்துச்சு. ஒரு வாட்டிதான். இப்ப நல்லாருக்கா."

அந்த 'ஒரு வாட்டிதான்' என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஆடு நாலாகியிருக்கும். பிள்ளை செத்துப் பிழைத்திருக்கும். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். அக்கா பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டாள். பார்த்ததில் ஒரு சொல்லைக் குறைக்கவும் மாட்டாள். அவளிடம் இருந்த குணம் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது: அவள் மேல் சனத்துக்கு இருந்த எரிச்சல், பிரியம் எல்லாமே.

குடியிருப்புப் பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள். "இவகிட்ட மழை வருமான்னு கேளுங்க. நனைஞ்சப்புறம் சொல்றேம்பா." ஒரு நாள் காட்டுமாடு வந்து அவரைப் பந்தலை முறித்துவிட்டது. ஒருத்தன் அஞ்சு மாடு என்றான், இன்னொருத்தன் கூட்டமே வந்தது என்றான். அக்கா போய்த் தடம் பார்த்தாள். "பெரிய குளம்பு ஒண்ணு, சின்னக் குளம்பு ஒண்ணு. மத்தது உங்க காலு."

என்னிடமும் அப்படித்தான். கடல் எவ்வளவு பெரிது என்று கேட்டாள். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் தண்ணீர்தான் என்று கையை விரித்துக் காட்டினேன். விரித்த கையைப் பார்த்துவிட்டு, "அப்ப எம்புட்டுன்னு உனக்கும் தெரியாது" என்றாள். இரண்டு நாட்டுக்கு நடுவே அதைக் கடந்து வந்தவன் நான்.

அன்றைக்கு நான் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் கிடையாது. பசி. வள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதைத் தின்னும்போதுதான் பாக்கியை மூப்பன் சொன்னார். அந்தக் குடிக்கு அவர்தான் பெரியவர். அக்காவுக்கு மச்சான் முறை. ஆடு செத்த பிறகு கீழேயிருந்து விவசாய ஆபீசர் ஒருவர் வந்திருக்கிறார். சின்ன வயசு, நல்ல மனுசன். அவர் சொன்னதை மூப்பன் ஒப்பித்துக் காட்டினார்:

"தண்ணி ஓடுன தடத்துல மட்டும் விசம் இருந்தா அந்த மண்ணை வெட்டி எடுத்துரலாம், நீங்க இங்கயே இருந்துக்கலாம். அங்கங்க செதறிக் கெடந்தா என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாது, ஒங்க குடியையே கீழ மாத்தணும்னுதான் எழுதுவேன். எங்கிட்ட மண்ணு எடுக்கப் பன்னெண்டு பைதான் இருக்கு. எங்க எடுக்கணும்னு நீங்க காட்டுங்க. பத்து நாள் கழிச்சு வர்றேன். இதாங்க அவரு சொன்னது."

கீழே என்றால் மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை. கிழங்கு கிடையாது, தேன் கிடையாது. வெயில் மட்டும் உண்டு.

"போயிருவோம்னுதான் நான் சொன்னேன்" என்றார் மூப்பன். "நம்ம சனம் எவன்கிட்டயும் மல்லுக்கு நின்னதில்ல. சாவு விழுந்தாலும் சண்டை சடவு வந்தாலும் எடத்த விட்டு நகந்துருவோம். அதான் வழக்கம்."

எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. நானும் விட்டுவிட்டு நடக்கிற சாதிதானே.

அக்கா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "முன்னாடி நகந்தா அந்தப் பக்கமும் காடு இருந்துச்சு. இப்ப ஒரு பக்கம் காப்பி, ஒரு பக்கம் கம்பி வேலி. எதை விட்டுட்டுப் போறோம்னு பாத்துட்டாவது போவோம்."

எறும்பு அவள் கண்டுபிடிப்புதான். கிழங்கு தோண்டும்போது கையில் எறும்பு கடிக்காத நாளே கிடையாதாம். அந்த மழைக்குப் பிறகு ஓடைக்கரையில் தோண்டியபோது ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கை வலிக்காமல் வீட்டுக்கு வந்தவள் அதை நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் தேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முறை இதுதான். கிழங்குக் கம்பியால் அளந்து, ஓடையிலிருந்து இரண்டு பக்கமும் பத்துக் கம்பி தூரத்துக்கு ஓர் இலை. காலையில் வெயில் விழுந்ததும் வைப்பது, உச்சியில் போய்ப் பார்ப்பது. எறும்பு மொய்த்திருந்தால் அந்த இடத்தில் ஒரு குச்சி நடுவாள். வராவிட்டால் ஒரு கல். மூன்று நாள் வைத்து மூன்று நாளும் வராவிட்டால்தான் கல் நிலைக்கும். மழை பெய்த நாள் கணக்கில் சேராது.

முதலில் அவள் காப்பி இலையில்தான் வைத்திருக்கிறாள். வேலியோரம் கைக்கு எட்டுகிற இலை அதுதான். இரண்டு நாள் எங்கேயும் எறும்பு வரவில்லை. அவள் வீட்டு அடுப்போரத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது: காப்பி இலை மேலேயே மருந்து அடித்திருக்கிறது. குடிக்கு நடுவில் நின்றுகொண்டு, "ரெண்டு நாளும் வீணு. தப்பு எம்மேலதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாளாம். மந்தாரை இலை பறிக்கப் பிள்ளைகளை அனுப்பினாள். இரண்டு நாள் தேன் போனதில் மூப்பனுக்கு இன்னும் வருத்தம். "எறும்புக்கு வச்ச தேனை நாங்க தின்னுருந்தா ஒரு வருசம் சளி புடிக்காது" என்று என்னிடம் புலம்பினார்.

என்னை அவள் நிறுத்திக்கொண்டதற்கு ஒரு காரணம் சொன்னாள்.

"சிலோன்காரரே, எங்க சனம் கல்லைப் பாத்தா குச்சிம்பாங்க. பயம். எஸ்டேட்டுக்காரன் பாத்தாலும் குச்சிம்பான். நீ வெளியாளு. இந்த மண்ணுல ஒனக்கு ஒண்ணும் கெடையாது. நீ வந்து பாத்து, இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லாட்டி இல்லன்னு சொல்லு. போதும்."

சரி என்றேன்.

அவள் புருசனைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். வீட்டுக் கூரையில் ஒரு கொடிக்கயிறு தொங்கியது, மலைத்தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிற கயிறு.

"தேன் எடுக்கப் போனாரு. வரல."

"எப்ப?"

"ஆறு தேன் காலம் ஆச்சு."

"இறந்துட்டாரா?"

"நான் பாக்கல."

உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பண்ணைக்காட்டுச் சந்தையில் யாரோ வேறொருத்தியோடு அவனைப் பார்த்ததாக வந்து சொன்னார்களாம். "பாத்தது அவுக. நான் இல்ல" என்று அவர்களை அனுப்பிவிட்டாள். தாலியாகக் கட்டிய கழுத்துப் பாசியைக் கழற்றவும் இல்லை, அவன் வருவான் என்று சொல்லவும் இல்லை. அவளிடம் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். இப்படியும் ஒரு ஆள் இருக்க முடியுமா என்று இரவில் யோசித்துப் பார்ப்பேன்.

ஓடைக்கரை முழுக்கக் கல் நின்றது. அது எதிர்பார்த்ததுதான். கரையிலிருந்து இருபது கம்பி தள்ளிப் போனால் எல்லாம் குச்சி. ஊற்றுப் பக்கம் குச்சி, எலுமிச்சைப் பக்கம் குச்சி. சனத்துக்கு முகம் தெளிந்தது. பிறகு ஒரு காலையில் அக்கா மேட்டு வளைவில் இலை வைத்தாள். ஓடைக்கு மேலே, எஸ்டேட் வேலிக்கு வெளியே உள்ள மேடு அது. எந்த வெள்ளத்திலும் தண்ணீர் ஏறாத இடம். அங்கே எறும்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அங்கே ஏழு கல் நின்றது.

அங்கே ஏன் எறும்பு வராது என்று அந்தக் குடியில் தெரிந்த ஒரே ஆள் நான்.

கொடோன் இடிந்த மூன்றாம் நாள், எஸ்டேட் கணக்கப்பிள்ளை எங்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு போனார். நனைந்துபோன மருந்து மூட்டைகளை வேலிக்கு வெளியே, பளியர் பக்கத்து மேட்டில் புதைக்கச் சொன்னார். முழங்கால் ஆழம். மேலே மண்ணோடு புல் பத்தை வெட்டி வைத்தோம். சுத்தமான வேலை என்று பாராட்டினார். ஆடு செத்த செய்தி வந்த பிறகு எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. வழக்கம் போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். நடந்து வந்தது நேராக இந்தச் சனத்தின் சோற்றுக்கு.

அவள் மேட்டில் இலை வைத்ததிலிருந்து நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் விரட்டுவார்கள் என்று பயந்தேனா என்றால் அதுகூட இல்லை. விரட்டினால் போய்விடலாம். இந்த மண்ணில் எனக்கு ஒன்றும் கிடையாது என்று அவள் சொன்னபோது சரி என்று சொல்லிவிட்டேனே, அதுதான் வாயை அடைத்தது.

ஆபீசர் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் குடி முழுக்க மேட்டில் கூடிவிட்டது. ஆபீசர் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. தண்ணீரே போகாத இடத்தில் விஷம் என்றால் சிதறிக் கிடக்கிறது என்றுதான் எழுதுவார். ஏழு கல், பதினாலு வீடு.

"எடுத்துரு தாயி" என்றார் மூப்பன். அதட்டவில்லை, கெஞ்சினார். "ஏழே ஏழு கல்லு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எறும்பு வரலியே மச்சான்."

"எறும்புக்கு அன்னைக்கு என்ன சோலியோ! வேற பக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மூப்பன் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒரு கல்லைக் காலால் உருட்டிவிட்டார். அக்கா எழுந்து போய் அதை எடுத்து வந்து பழைய பள்ளத்திலேயே வைத்தாள். கோபம் இல்லை.

"போச்சு" என்றாள் ஒருத்தி. "இவ வாயாலதான் நாம மலை எறங்கப் போறோம்."

"எறங்குனா நானும்தான எறங்குவேன்" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "வந்துச்சுன்னு சொல்லி, நாளைக்கு ஒம்பிள்ளை இங்க கெழங்கு தோண்டித் தின்னா யாரு பொறுப்பு?"

காலையில் ஆபீசர் வந்தார். எஸ்டேட் கணக்கப்பிள்ளையும் கூட வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது. அக்கா முன்னால் நடந்து ஒவ்வொரு கல்லாகக் காட்டினாள். ஆபீசர் சந்தோசமாகத்தான் எழுதிக்கொண்டு வந்தார். காப்பி இலைத் தப்பையும் அவளே சொன்னாள், அதையும் எழுதினார். மேட்டுக்கு வந்ததும் பேனா நின்றது.

"இங்க தண்ணி வர வாய்ப்பே இல்லையேம்மா."

"வரலீங்க."

"அப்புறம் ஏன் கல்லு?"

"ஏன்னு தெரியாதுங்க. எறும்பு வரல. மூணு நாளு."

"அவ தப்பா வச்சுட்டாளுங்க" என்றார் மூப்பன்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் வெளியாளா? என்ன சொல்றீங்க?"

"எறும்பு வரல சார்" என்றேன். அவர் நோட்டை மூடப் போனார். "ஏன்னு எனக்குத் தெரியும். நாங்க நாலு பேரு மருந்து மூட்டையை இங்கதான் புதைச்சோம்."

"வேலையை விட்டு ஓடிப்போன பய சார் இவன்!" என்றார் கணக்கப்பிள்ளை. "குடிச்சிட்டு ஒளறுறான்!"

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இருக்கும் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது இதுதான்:

"எத்தன மூட்டை?"

"பதினொண்ணு."

"எண்ணுனியா?"

"எண்ணலக்கா. பதினொண்ணு இருக்கும்."

"அப்ப தோண்டித்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு இரும்புக் கம்பியை எடுத்து நடுவில் இருந்த கல் பக்கத்தில் குத்தினாள். இரண்டாவது குத்திலேயே சாக்கு கிழிந்தது. மருந்தின் பூஞ்சை வாடை எல்லோர் மூக்கிலும் ஏறியது. கிழிந்த சாக்கில் எஸ்டேட் முத்திரை பாதி தெரிந்தது. கணக்கப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துரையிடம் சொல்ல வேண்டும் என்று மேலே ஏறிப் போய்விட்டார்.

ஆபீசர் நோட்டைத் திறந்து, கட்டம் போட்டு, இரண்டு இடம் என்று எழுதினார்: ஓடைத் தடம் ஒன்று, புதைகுழி ஒன்று. சிதறல் இல்லை. மூப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊரை மாற்ற வேண்டியதில்லை, எஸ்டேட்காரர்கள் தங்கள் செலவில் மண்ணையும் மூட்டையையும் எடுத்தாக வேண்டும் என்று ஆபீசர் சொன்னதும் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். முந்தின நாள் திட்டியவள்தான் முதலில் அவள் கையைப் பிடித்தாள்.

பன்னிரண்டு பை மண்ணுக்கும் பரிசோதனை முடிவு பிறகு வந்தது. கல் நின்ற இடத்தில் பத்துப் பை எடுத்தார்கள், குச்சி நின்ற இடத்தில் இரண்டு. குச்சி இரண்டும் நல்ல மண். கல் பத்தில் ஒன்பது கெட்டது, ஒன்று நல்லது. சனம் அதைக் கொண்டாடியது. அக்கா மட்டும் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். "எறும்புக்கும் தப்பும் போல" என்றாள். கெட்ட தடத்தில் ஒரு முழ ஆழம் வெட்டி, எஸ்டேட் பாறைப் பக்கம் சிமிண்டுக் குழி கட்டி மூடினார்கள். அங்கே எறும்பு திரும்பி வருகிற வரைக்கும் யாரும் கிழங்கு நடக் கூடாது என்றாள் அக்கா. இரண்டு மழைக்காலம் ஆனது. நட்டார்கள், தின்றார்கள். குடி இன்றைக்கும் அங்கேதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நாள் சாயங்காலம். என் தகரப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் என் பக்கம் வரவில்லை. அக்கா கிழங்கு கொண்டு வந்து வைத்தாள், எப்போதும் வைக்கிற அளவு.

"நாளைக்கு பஸ்ஸா?"

"ஆமாக்கா."

"மூட்டை எங்கெங்க கெடக்குன்னு ஒனக்குத்தான் தெரியும்."

"தெரியும்."

'சரி' என்று நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் பேசவே இல்லை. அவள் பேசியிருந்தால் நான் போயிருப்பேன்.

மறுநாள் வெள்ளனே எஸ்டேட் ஆள் கூலிக்குப் பேர் எழுத வந்தபோது முதல் ஆளாக நின்றேன். மூக்கில் துணி, காலில் சாக்கு. மேட்டு வளைவில் மூட்டை தோண்டுகிற வேலை. அக்கா கரையில் குந்தியிருந்து, மூட்டை வெளியே வர வர ஒவ்வொரு கூழாங்கல்லாகத் தள்ளி வைத்தாள். உச்சிக்குப் பதினொன்று வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனார்கள். நானும் முதுகை நிமிர்த்தினேன்.

"தோண்டு" என்றாள் அக்கா.

"முடிஞ்சுதுக்கா. பதினொண்ணு."

"எண்ணிப் பொதைச்சவன் மாதிரிப் பேசாத. தோண்டு."

தோண்டினேன். இரண்டு முழம் தள்ளி, வேர்களுக்கு அடியில், பன்னிரண்டாவது கிடந்தது. தூக்கிக் கரையில் வைத்தேன். அவள் பன்னிரண்டாவது கல்லைத் தள்ளி வைத்தாள். பிறகும் எழுந்திருக்கவில்லை. மண்வெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.